பன்குளம் ரோட்டுக் காணியும் உன் காசும்

திருகோணமலை
தை 12

மச்சான்,

நீ உழவுக்குக் காசு அனுப்பி நாலு மாதம். இவ்வளவு நாளும் ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறான் என்றால் விஷயம் உனக்கு விளங்கியிருக்கும். காசு போய்விட்டது. முழுவதும் இல்லை, முக்கால்வாசி. திட்டுவதென்றால் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லோரும் சுகம். மகளுக்குக் கிண்ணியாவில் வேலை சரிவந்துவிட்டது. சித்தப்பா அதே சைக்கிள், அதே பொய்.

புரட்டாதியிலேயே காணிக்கு உழவு மெசின் கொண்டுபோனேன். டிஸ்க் மண்ணுக்குள் இறங்கவே இல்லை, சிமெந்துத் தரையில் தகரம் இழுத்த மாதிரிச் சத்தம். "மழை விழட்டும் ஐயா" என்று சொல்லிவிட்டு ட்ரைவர் போனான். மழை விழுந்தது, அவன் தம்பலகாமத்து வயல்களில் நின்றான். கார்த்திகையில் வந்தபோது மண் களியாகிச் சில்லிலெல்லாம் அப்பிக்கொண்டது. பிறகு நாலு நாள் வெயில் எறித்ததும் புரட்டிய கட்டியெல்லாம் செங்கல். அந்த மண்ணுக்குப் பதம் என்பது நடுவில் வருகிற கொஞ்ச நாள்தான், அதை நான் மெசினுக்குக் காத்திருந்தே தொலைத்தேன். உன் அப்பா அங்கே உழுததே இல்லை, ஞாபகமா? பற்றையை எரித்து, மழைக்கு முன்பே சாம்பலுக்குள் கொத்திக் குரக்கன் போடுவார். நாங்கள் சோம்பேறித்தனம் என்று சிரித்தோம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பிடிவாதத்தில் கச்சான் விதைத்தேன். அடுத்த பெருமழை மேல்மண்ணை அடித்து மெழுகிவிட்டது. காய்ந்ததும் அப்பளம் மாதிரி ஒரு பொருக்கு. விரலால் ஓரிடத்தில் கிளப்பிப் பார்த்தேன், உள்ளே முளை வளைந்து, வெள்ளையாக, வெளியே வர வழியில்லாமல் கிடந்தது. மேலிருந்து கீழாக உழுததால் மார்கழி மழையில் ஒவ்வொரு சாலும் வாய்க்காலாகி, சிவப்புத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடியது. சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டுமென்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். ட்ரைவருக்கும் தெரியும், திருப்புவதற்குக் கஷ்டமாம்.

மழை விட்ட பிறகு ஆத்திரத்தில் அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டுபோய்ப் பாலை மரத்தடியில் நெஞ்சளவு குழி வெட்டினேன். இரண்டு நாள், முதுகு இன்னும் நிமிரவில்லை. மேலே ஒரு சாண் மண் கபில நிறம். அதற்குக் கீழே நல்ல சிவப்பு, களி கூட, வெள்ளைப் படிகக் கற்கள் நெருக்கமாக ஒரு படை. அடியில் கையால் பொடிகிற உக்கிய கல், வெயிலில் மினுங்குகிறது. இவ்வளவு மழைக்குப் பிறகும் குழிக்குள் தண்ணீர் நிற்கவில்லை.

பிறகு சரிவில் இறங்கி மூன்று இடத்தில் கொத்தினேன். நடுவில் சிவப்பு மங்கிவிடுகிறது, இன்னும் கீழே மஞ்சள் பாய்ந்த கபிலம், பள்ளத்தில் சாம்பல் நிறக் களி, உடனே தண்ணீர் ஊறியது. ஒரே காணிதான்! மேட்டில் தண்ணீர் வடிந்து காற்று இறங்குவதால் மண்ணிலுள்ள இரும்பு துருவேறிச் சிவக்கிறது, பள்ளத்தில் தண்ணீர் தேங்கி அந்த நிறம் கழன்றுவிடுகிறது. மேட்டிலுள்ள இந்தச் சிவப்பு மண்ணைத்தான் பத்தாம் வகுப்பில் 'செங்கபில மண்' என்று பாடமாக்கினோம். நீ அதை வரைபடத்தில் யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய்க் குறித்து அடி வாங்கினாய். அங்கே சுண்ணக்கல்லின் மேல் கிடக்கிற செம்மண் வேறு, இது உலர் வலயத்து மேட்டுநில மண். மண் ஆய்வாளர்கள் மூர்மனும் பானபொக்கையும் 1961இல் இலங்கை மண்களை வகைப்படுத்தியபோது இதற்குத் தனி இடம் கொடுத்தார்கள். மகா இலுப்பள்ளமை விவசாய ஆராய்ச்சி நிலையம் நிற்பதும் இதே மண்ணில்தான்.

ஆகவே, கிணறு வெட்டி மேட்டையும் வயலாக்கலாம் என்ற உன் கனவை விடு. அங்கே நெல்லுக்குக் கட்டுகிற தண்ணீரில் பெரும்பங்கு கீழே இறங்கிவிடும், டீசல் யார் கட்டுவது? பள்ளத்தில் நெல் போதும். மேட்டில் சோளம், உழுந்து, கௌபி, மழை முடிகிற நேரத்தில் எள்ளு. மண் புளிப்புமில்லை, உவருமில்லை, நல்ல மண். உக்கிய இலைகுழைதான் குறைவு. சரிவுக்குக் குறுக்கே கிளிசரியா மரத் தடிகளை வரிசையாக நட்டு, வெட்டுகிற குழையை அங்கேயே பரப்பினால் பொருக்கும் குறையும். மிச்சக் காசில் தடி வாங்கலாமா, சொல்.

இன்னொன்று. எழுதப் பேனா எடுத்ததே இதற்காகத்தான். போன கிழமை ஒருவர் வந்தார், ரோட்டு வேலைக்குக் கிறவல், அதுதான் சரளைக்கல், வேண்டுமாம். நான் வெட்டிய குழியை எட்டிப் பார்த்துவிட்டு அந்தக் கற்படைக்கு லோட் கணக்கில் விலை சொன்னார். நீ இழந்த காசு பத்து லோட்டில் வந்துவிடும். ஆனால் அதை எடுக்க மேல்மண்ணை வழித்துத் தள்ள வேண்டும். 1985இல் விட்டுவிட்டு ஓடிய காணி, இத்தனை வருடம் பற்றைக்குள் கிடந்து உதிர்ந்த இலையெல்லாம் உக்கித் தேறியதுதான் அந்த ஒரு சாண். பாலை மரமும் வீரை மரமும் நிற்கிற பக்கத்தைத்தான் அவர் முதலில் கேட்கிறார்.

எனக்கு முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வராது, உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருகிறாராம். அவர் வந்து நிற்கிற நேரம் போன் எடுத்துக் கத்து, ஸ்பீக்கரில் போட்டு அவருக்குக் கேட்க வைக்கிறேன்.

உன்,
கணக்கில் கடன்காரன்