மலைச் சைக்கிள் பிரிவின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வருகை தந்துள்ள உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்கூட்டத்திற்குப் பின் நம் சங்கத்தின் மலைச் சைக்கிள் பிரிவு ஆற்றிய பணிகளைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

இவ்வாண்டும் நம் பயணங்களில் பெரும்பாலானவை செஸ்நட் இயற்கைப் பூங்காவில் நடைபெற்றன. 81 ஹெக்டேர் பரப்புள்ள அப்பூங்காவில் நடப்போருக்கு 5.6 கிலோமீட்டரும் சைக்கிளோட்டிகளுக்கு 8.2 கிலோமீட்டரும் தனித்தனியே பாதைகள் உள்ளன. வளைவுக்கு அப்பால் யாரேனும் நடந்து வருவார்களோ என்ற கவலையின்றிப் பழகலாம் என்பதால், முதன்முறை காட்டுப் பாதையில் இறங்குவோருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் சிங்கப்பூரில் இல்லை என்றே கருதுகிறேன். புதிய உறுப்பினர்களை நாம் உடனே காட்டுக்குள் அழைத்துச் செல்வதில்லை. அடுத்தடுத்து மேடும் பள்ளமுமாக அமைந்த பம்ப் டிராக்கில், பெடலை மிதிக்காமல் கை கால்களை மடக்கி நீட்டி, உடல் எடையைக் கொண்டே சைக்கிளை முன்னே செலுத்தப் பழக்குகிறோம். இருக்கையை விட்டு எழுந்து, இரு பெடல்களையும் சமமட்டத்தில் வைத்து, முன்சக்கரத்தைப் பாராமல் பல மீட்டர் தொலைவில் பார்வையைச் செலுத்தவும், வளைவுக்குள் நுழைந்த பின் அல்லாமல் நுழையும் முன்பே வேகத்தைக் குறைக்கவும் அங்கேதான் கற்றுத் தருகிறோம். சாலையில் பல்லாண்டு ஓட்டியவர்களுக்கும் இப்பழக்கங்கள் புதியவையே.

புலாவ் உபின் தீவில் 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா, பழைய கருங்கல் சுரங்கமொன்றைச் சுற்றி 45 ஹெக்டேரில் அமைந்தது. சாங்கியிலிருந்து பம்போட் எனும் சிறு விசைப்படகில் சைக்கிள்களை ஏற்றிச் செல்ல வேண்டியிருப்பினும், பல்வேறு திறனுள்ளோர் ஒரே நாளில் ஒரே இடத்தில் ஓட்ட முடிவது அப்பயணத்தின் சிறப்பு. பனிச்சறுக்கு மலைகளில் வழங்கிவரும் குறியீடுகளைத் தழுவி, எளிய பாதைக்குப் பச்சை வட்டம், இடைநிலைக்கு நீலச் சதுரம், கடினமானதற்குக் கறுப்பு வைரம், மிகக் கடினமானதற்கு இரட்டைக் கறுப்பு வைரம் என்று மலைச் சைக்கிள் பாதைகளைத் தரம் பிரிக்கின்றனர். இவற்றுள் பின்னைய மூன்றும் கெத்தாமில் உள்ளன.

இக்குறியீடுகளைப் பற்றி உறுப்பினர்கள் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. குறியீடு பாதையின் தரத்தைச் சொல்கிறதே தவிர, அன்றைய மழையையோ ஓட்டுபவரின் களைப்பையோ சொல்வதில்லை. காய்ந்திருக்கும்போது எளிதில் கடந்த வேரும் பாறையும் நனைந்தபின் முற்றிலும் வேறாகிவிடுகின்றன. இதைவிடவும் ஆபத்தானது நண்பர்களின் உற்சாகம். “வாங்க, ஒண்ணும் ஆகாது” என்ற ஒரு சொல்லுக்காகத் தம் அளவை மீறி இறங்கியவர்களே பெரும்பாலும் விழுகின்றனர். எனவே, பாதை பிரியும் இடத்தில் எப்பக்கம் செல்வது என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்ய வேண்டும், யாரும் யாரையும் வற்புறுத்தலாகாது, பாதைகள் மீண்டும் கூடும் இடத்தில் முந்தி வந்தவர் காத்திருக்க வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்து நடைமுறைப்படுத்தியுள்ளது. செங்குத்தான இறக்கத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிச் செல்வது எவருக்கும் குறைவன்று. இம்முறை வந்த பின், பிள்ளைகளுடன் வரும் தாய்மார்களும் பணி ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர்களும் தயக்கமின்றிக் கலந்துகொள்வது இப்பிரிவுக்குக் கிடைத்த பெரும் பேறு.

புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியைச் சுற்றிச் செல்லும் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் பாதைக்கு, அனுபவம் பெற்றவர்களை மட்டும் சிறு குழுக்களாக அழைத்துச் சென்றோம்.

பாதைகள் சிதையாமல் காப்பது குறித்தும் கூற வேண்டும். நன்கு அமைந்த பாதை மலைச்சரிவின் குறுக்கே சென்று, பள்ளத்தை நோக்கிச் சற்றே சாய்ந்து, இடையிடையே சிறு ஏற்றம் கொண்டிருக்கும். மழைநீர் பாதை நெடுகிலும் ஓடி மண்ணை அரிக்காமல் ஆங்காங்கே வெளியேறவே இவ்வமைப்பு. பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்குபவர் ஏற்படுத்தும் ஒரு தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகிவிடுகிறது. சேற்றைத் தவிர்க்க ஓரமாகச் செல்வதால் பாதை அகன்று செடிகள் அழிகின்றன. ஆகையால் பெருமழைக்குப் பின் பயணத்தை ஒத்திவைப்பதும், சேறு குறுக்கிட்டால் அதன் நடுவே மெதுவாகக் கடப்பதும் நம் விதிகளாகும். இடி கேட்டால் உடனே திரும்ப வேண்டும் என்பதிலும் விலக்கில்லை. இருட்டிய பின் ஓட்டலாமா என்று சில இளைஞர்கள் கேட்டுள்ளனர். செஸ்நட் பூங்காவில் மாலை 7 மணிக்குப் பின் அனுமதியில்லை. அக்காடுகளில் வாழும் எறும்புத்தின்னி இரவில்தான் இரை தேடுகிறது என்பதால், அனுமதி இருந்தாலும் நாம் செல்லலாகாது என்பதே என் கருத்து.

2010ஆம் ஆண்டு இளையர் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் போட்டி நடந்த தெம்பனிஸ் சைக்கிள் பூங்கா, பின்னர் வீடமைப்புக்காக மூடப்பட்டதை மூத்த உறுப்பினர்கள் அறிவர். வீடுகளின் தேவையை எவரும் மறுக்கவில்லை. ஆனால் இச்சிறு நாட்டில் காட்டுப் பாதை எளிதில் மீண்டும் கிடைப்பதன்று. இருக்கும் பாதைகளை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதைப் பூங்கா நிர்வாகமும் நடப்போரும் கவனித்து வருகின்றனர்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். புதியவர்களுக்கு இரவல் தரும் தலைக்கவசங்கள் சில பழையனவாகிவிட்டதால், அவற்றை மாற்றவும் சிறுவர் அளவுகளில் கூடுதலாக வாங்கவும் நிதி ஒதுக்குமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன். வழிகாட்டிகளாக விரும்புவோருக்கு முதலுதவிப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் தீர்மானத்தையும் முன்மொழிகிறேன். ஓய்வு நாள்களை இப்பிரிவுக்கெனத் தந்த வழிகாட்டிகளுக்கும், குழுவின் கடைசியில் பொறுமையுடன் வந்த தொண்டர்களுக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்