பாலாறு முடியும் இடம்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் தாமதமானதற்கு மூட்டுவலி காரணம் என்று எழுதலாம், நீ நம்பமாட்டாய். சோம்பல்தான்.

போன ஞாயிறு கல்பாக்கத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எழுந்த கையோடு நழுவி, பக்கத்திலிருக்கும் சதுரங்கப்பட்டினத்துக்குப் போய்விட்டேன். அங்கே சட்ராஸ் என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரிகிறது. கடலைப் பார்த்தபடி டச்சுக்காரர்களின் கோட்டை. நம்ம ஊர்க் கருங்கல் கோட்டையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்தச் செங்கல் மதில் பொம்மை மாதிரி இருந்தது. ஆனால் உள்ளே இருக்கும் கல்லறைக் கற்களில் செதுக்கியிருக்கிறார்கள் பார், நம் கோயில் தூண் வேலைக்குக் குறைவில்லை. ஒருகாலத்தில் மஸ்லின் துணி கப்பலேறிய துறைமுகம். 1781இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். மறு வருஷம் பிப்ரவரி 17 அன்று எதிரே கடலில் அவர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் சண்டை. இப்போது கரையில் ஃபைபர் படகுகளும் நெத்திலி வாசனையும்தான்.

வலையில் மாட்டிய நண்டைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், பாலாறு எங்கே சேருகிறது என்று கேட்டேன்.

"முகத்துவாரமா? தெற்கே, வயலூர் தாண்டிப் போங்க. நீங்க எந்த ஊரு?"

"வேலூர்."

"ஓ, தண்ணியை அனுப்பாம வெச்சிருக்கறது நீங்கதானா?"

2021 நவம்பர் வெள்ளத்தில் அனுப்பினோமே என்றேன். சிரித்துவிட்டார்.

போனேன். அக்கரை செய்யூர் தாலுகா. ஆறு இவ்வளவு அகலமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கடல்நீர் ஏறாமலிருக்க வயலூரில் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே இறங்கி ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். உப்பு. நாம் கொட்டாங்குச்சியால் மணலைத் தோண்டி ஊற்றுத்தண்ணீர் குடிப்போமே, அந்த ருசி நாக்கில் எதிர்பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையின் தோல் பதனிடும் ஷாப்களைக் கடந்து வருகிற ஆற்றிடம் இதெல்லாம் எதிர்பார்க்கக் கூடாதுதான்.

மொத்தம் 348 கிலோமீட்டர். அறுபது வருஷமாக நடுவில் உட்கார்ந்துகொண்டு, வாலை இப்போதுதான் பார்க்கிறேன். தலை உன் பக்கம், நந்தி மலையில். பெங்களூரில் இத்தனை வருஷமாக இருக்கிறாயே, ஒரு தடவையாவது போய்ப் பார்த்தாயா? இல்லையென்றால் பொங்கலுக்கு அங்கே வருகிறேன், சேர்ந்தே போவோம். தங்கச்சியிடம் சொல்லிவை, எனக்குச் சர்க்கரை இல்லாத காபி.

உன்,
மணி