ராஜ வீதி மொட்டை மாடியில் நின்ற அந்த அம்மாவுக்கு நன்றி

கடந்த ஞாயிறு காலை, கோவை ராஜ வீதியை ஒட்டிய சந்தில் கேமராவோடு அண்ணாந்து பார்த்து நின்றிருந்தேன். பழைய ஓட்டுக் கூரைகளைப் படமெடுக்க வேண்டும். கீழிருந்து பார்த்தால் பெயர்ப்பலகைகளும் மின்கம்பிகளும்தான் தெரிகின்றன. வாசல் தெளித்துக்கொண்டிருந்த நீங்கள், "மேலே வந்து எடு, கண்ணு" என்றீர்கள். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

காலை வெயில் சாய்வாக விழும் அரை மணி நேரம்தான் ஓடுகளின் வரிவரியான நிழல் படத்தில் எழும்; உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். அந்த அரை மணி நேரத்தை எனக்குத் தந்தது நீங்கள். கொடியில் காய்ந்த சேலைகளை நான் கேட்காமலே ஒதுக்கினீர்கள். ஏணியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "காலைப் பார்த்து வை" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

பிறகு, மாற்றும்போது எடுத்துவைத்த சீமை ஓடு ஒன்றைத் திருப்பிக் காட்டினீர்கள். பாசி படிந்த அடிப்பக்கத்தில் பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து கிறிஸ்தவ அமைப்பின் முத்திரை, 1865 என்ற எண். அது மங்களூரில் அந்த அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு; ஓடு சுட்ட ஆண்டு அல்ல. ஆனாலும் முந்தானையால் நீங்கள் அதைத் துடைத்த விதம்! எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

அவசரத்தில் உங்கள் பெயரைக் கேட்காமல் இறங்கிவிட்டேன். படங்களை அச்சிட்டு வைத்திருக்கிறேன், அம்மா. வரும் ஞாயிறு நேரில் கொண்டுவந்து தருகிறேன்.