அம்மாவின் காலைக் காத்துத் தந்த எல்லோருக்கும்

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். என் அம்மா இப்போது நடக்கிறார். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான், ஆனாலும் தெருக்குழாய் வரை தானாகப் போய் வருகிறார். இடது காலில் சுண்டுவிரல் போய்விட்டது, கால் இருக்கிறது. யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று எழுதி வைக்காவிட்டால், "ஏதோ கடவுள் புண்ணியம், பிழைச்சுக்கிட்டாங்க" என்று ஊரில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கடவுளுக்கு நன்றி உண்டு. அதோடு மனிதர்களுக்கும் சொல்ல வேண்டும்.

அம்மா கடல்பாசி எடுப்பவர். விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, ரப்பர் செருப்போடு பாருக்கு, அதாவது கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டுக்கு, இறங்கி, மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் சேர்ப்பார். பார் கீறாத பெண் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோனதால், செருப்பைத் தாண்டி எவ்வளவு ஆழமாகக் கிழித்திருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினார். காய்ச்சல் வந்ததும் மாத்திரை வாங்கிப் போட்டார். அப்புறம் ஒரு கிளினிக்கில் ஊசி. வீக்கம் கணுக்காலைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது.

முதல் நன்றி மக்களைத் தேடி மருத்துவம் அக்காவுக்கு. சர்க்கரை மாத்திரை கொடுக்கத்தான் வந்தீர்கள். "ஒண்ணுமில்லம்மா, பார்ல கீறிருச்சு" என்று அம்மா காலை இழுத்துக்கொண்டபோது விடாமல் கட்டை அவிழ்க்கச் சொன்னீர்கள். தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. சுண்டுவிரல் ஓரம் கறுத்திருந்தது. "இது வீட்டுல வச்சுப் பாக்குற புண் இல்ல, இன்னைக்கே போகணும்" என்று சொல்லி நீங்களே 108-ஐக் கூப்பிட்டீர்கள். அக்கா, ஒரு நாள் தள்ளியிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ரயில் பாலத்தைப் பார்க்க நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே, பாம்பன் பாலத்தில் வழி வாங்கிக்கொண்டு போன ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்த சர்ஜன் டாக்டர் அம்மா, உங்களைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும். வந்ததும் நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகள் எனக்கு மறக்காது. "இதுவரைக்கும் என்னென்ன மருந்து போட்டீங்க?" "காயம் பட்டப்போ கால் கடல் தண்ணியில இருந்துச்சா?" மஞ்சப்பையில் நான் கொண்டுவந்திருந்த காலி அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் எழுதிக்கொண்டீர்கள். கடல் தண்ணீர் என்றதும் லேப் சீட்டிலும் அதைக் குறித்தீர்கள். விப்ரியோ என்று ஒரு கடல் கிருமி உண்டாம். சர்க்கரை, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குப் புண் வழியாக ஏறினால் ஓரிரு நாளில் உயிரையே எடுத்துவிடுமாம். அதனால் ரிப்போர்ட் வரும்வரை அதற்கும் சேர்த்தே மருந்து போட்டீர்கள்.

புண்ணைத் திறந்து, செத்த சதையை வெட்டிக் கழுவி, அதற்குப் பிறகு உள்ளேயிருந்து ஒரு துண்டுச் சதையை எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினீர்கள். மேலே வடிகிற சீழைப் பஞ்சில் ஒற்றி அனுப்பினால், தோலில் சும்மா கிடக்கிற கிருமியும் சேர்ந்து வளர்ந்து குழப்பிவிடும் என்று விளக்கினீர்கள். வார்டில் எங்கள் சொந்தக்காரர்கள் சும்மா இல்லை. "நல்ல பவர் ஊசியாப் போடச் சொல்லு" என்று நச்சரித்தார்கள். நீங்கள் கோபப்படவில்லை. "மருந்து ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. எந்தக் கிருமி, எதுக்குச் சாகும்னு தெரிஞ்சதும் மாத்திருவோம்" என்றீர்கள். அம்மாவின் காலைக் காத்தது அந்த நிதானம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லேப் அண்ணனுக்கு நன்றி சொல்ல வார்த்தை தேட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நோயாளிகள் யாரும் உங்களைப் பார்ப்பதே இல்லை. கிருமி வளர ஒரு நாள், எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க இன்னொரு நாள். அவசரப்படுத்தினால் ஆகாத வேலை. ரிப்போர்ட் வாங்க வந்தபோது, மூடியிருந்த தட்டை ஜன்னலுக்கு அந்தப் பக்கமே வைத்துக் காட்டினீர்கள். வெளிறிய கூழ் மாதிரி ஒரு பரப்பு, அதன் மேல் பொட்டு அளவு வெள்ளைக் காகித வில்லைகள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து. சிலவற்றைச் சுற்றி வட்டமாகத் தெளிந்திருந்தது. அங்கே கிருமி வளரவில்லை. கிளினிக்கில் அம்மாவுக்குப் போட்ட செஃப்ட்ரியாக்சோன் வில்லையைச் சுற்றித் தெளிவே இல்லை, வில்லையின் விளிம்பு வரை கிருமி மண்டிக் கிடந்தது. அத்தனை ஊசிக்கும் வீக்கம் ஏன் குறையவில்லை என்று அப்போதுதான் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

க்ளெப்சியெல்லா என்ற கிருமி. இ.எஸ்.பி.எல். என்று ஒரு நொதியைச் சுரந்து, பென்சிலின் வகை, செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகளை வெட்டிப் போட்டுவிடுமாம். வெறும் மருந்து வில்லையைவிட, அந்த நொதியைத் தடுக்கிற கிளாவுலானிக் அமிலம் சேர்த்த வில்லையைச் சுற்றி வட்டம் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெரிதாக இருந்தால் இந்த வகைதான் என்று உறுதி செய்வார்களாம். அதையும் பொறுமையாகச் சொன்னீர்கள்.

அந்தக் கூழ் என்ன என்று கேட்டதற்கு, "அகர். கடல்பாசியில இருந்து எடுக்குறது" என்றீர்கள். வார்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். எங்கள் பெண்கள் பிய்க்கிற மரிக்கொழுந்தும் மதுரைப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு அகர் எடுக்கத்தான் போகிறது. அந்தத் தட்டில் இருந்தது எந்தக் கடல் பாசியோ, அது வேறு விஷயம். 1881-இல் கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில், கிருமி வளர்க்கப் போட்ட ஜெலட்டின் சூட்டில் உருகிக் கெட்டுக்கொண்டிருந்தபோது, அகரைப் போட்டுப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னது ஃபானி ஹெஸ் என்ற பெண் என்று பிறகு படித்தேன். அதையும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அம்மா முதல் முறையாகச் சிரித்தார்.

ரிப்போர்ட்டில், கிருமி அடங்கும் மருந்துகளாக மெரோபெனம், அமிகாசின், கோட்ரைமாக்சசோல் இருந்தன. அம்மாவின் சிறுநீரகத்தை நினைத்து அமிகாசின் வேண்டாம் என்றார் டாக்டர். மெரோபெனம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. காலை 6, மதியம் 2, இரவு 10. இந்த மருந்து ரத்தத்தில் ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் இருந்தால்தான் வேலை செய்யும், அதனால் நேரம் தவறக் கூடாது என்று சொல்லி, அத்தனை நோயாளிகளுக்கு நடுவிலும் கடிகாரம் பார்த்து வந்த சிஸ்டர்கள் எல்லோருக்கும் நன்றி. அம்மாவைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கை கழுவாமல் நீங்கள் அடுத்த கட்டிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. இந்தக் கிருமி கை வழியாகத்தான் கட்டில் விட்டுக் கட்டில் தாவும் என்று சொல்லி, எங்களையும் கழுவ வைத்தீர்கள். டிரஸ்ஸிங் கழிவைத் தனியாகக் கட்டி எடுத்துப்போய், கட்டில் கம்பியைத் தினமும் துடைத்த தூய்மைப் பணியாளர் அக்காவை யாரும் இப்படி மடல்களில் எழுதுவதில்லை. அக்கா, உங்களுக்கும் சமமான நன்றி.

புண் சிவந்து, நல்ல சதை வந்து, காய்ச்சல் நின்றதும் டாக்டர் அந்தப் பெரிய மருந்தை நிறுத்திவிட்டு கோட்ரைமாக்சசோல் மாத்திரைக்கு மாற்றினார். பழைய, மலிவான மாத்திரை. எங்களுக்குப் பயமாகத்தான் இருந்தது. ரிப்போர்ட்டில் அந்த வரியைத் தொட்டுக் காட்டி, "இதுக்கும் அடங்குது. பெரிய மருந்தைத் தேவைக்கு மேல ஓட்டினா, நாளைக்கு அதுவும் கேக்காமப் போயிரும்" என்றார். அந்த மாத்திரையால் ரத்தத்தில் பொட்டாசியம் கூடுகிறதா என்று பார்க்க மறுபடி வரச் சொன்னார். புண் ஆறிவிட்டது.

எங்கள் தெரு மெடிக்கல் அண்ணனுக்கும் ஒரு நன்றி. வீட்டுக்கு வந்த பிறகு தம்பிக்குச் சளி பிடித்தபோது, சீட்டு இல்லாமல் சிவப்புக் கோடு போட்ட ஆன்டிபயாட்டிக் அட்டையைத் தர முடியாது என்று சொல்லிவிட்டீர்கள். வாடிக்கைக்காரரிடம் இல்லை என்று சொல்வது கடைக்காரருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். 2014-லிருந்து சில ஆன்டிபயாட்டிக்குகளுக்குத் தனி நோட்டே வைத்து எழுத வேண்டும் என்று அந்த நோட்டையும் காட்டினீர்கள். தம்பிக்குக் கஞ்சியிலும் ஓய்விலுமே சளி சரியாகிவிட்டது.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஒரு சிஸ்டர், "இந்தக் கிருமி குடல்ல மாசக்கணக்கா தங்கியிருக்கலாம். எந்த டாக்டர்கிட்டப் போனாலும் முதல்ல இதைக் காட்டுங்க" என்று கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலைத் தனியாக எடுத்துக் கொடுத்தார். லேமினேட் செய்து, ரேஷன் கார்டு இருக்கிற கவரிலேயே வைத்திருக்கிறோம். சிஸ்டர், போன மாதம் அம்மாவுக்குப் பல் எடுக்கப் போனபோதும் கொண்டுபோனோம். பல் டாக்டர் அதை முழுசாக வாசித்துவிட்டுத்தான் சீட்டு எழுதினார்.