காலை நீட்டச் சொல்வதற்கு முன்

அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கும் அவர்களுக்குப் பாடம் எடுக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

இடுப்பெலும்பின் துவாரத்துக்குள் குடல் இறங்கி மாட்டிக்கொள்ளும் ஆப்டுரேட்டர் ஹெர்னியா பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் வரை எனக்குத்தான் தெரியாது.

அம்மாவுக்கு 81 வயது. ஐந்து பிள்ளை பெற்றவர், எடை 36 கிலோ. வாந்தி, வயிற்று உப்புசம், கூடவே வலது உள்தொடையிலிருந்து முழங்கால் வரை வலி. வயிற்றுக்கு வாயு மருந்து கொடுத்தார்கள். காலுக்கு, மூட்டுத் தேய்மானம் என்று தைலம்.

முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுத்தால்தான் அம்மாவுக்கு வலி குறைந்தது. எக்ஸ்ரே அறையில் "காலை நீட்டுங்க பாட்டி" என்று பிடித்து நீட்டினார்கள். பிரசவத்துக்கே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர், அன்று போட்ட சத்தம் வராந்தா வரை கேட்டது. படத்தில் மூட்டு தேய்ந்துதான் இருந்தது. 81 வயதில் தேயாத மூட்டு யாருக்கு இருக்கிறது?

மூன்றாம் நாள் வாந்தியில் மலநாற்றம் அடித்த பிறகே சி.டி. ஸ்கேன். இடுப்பெலும்பின் துவாரத்தில் சிறுகுடல் மாட்டியிருந்தது. உடம்பு வற்றும்போது அந்தத் துவாரத்தை அடைத்திருக்கும் கொழுப்பும் கரைந்து குடலுக்கு வழி விட்டுவிடுமாம். உள்ளே நுழைந்த குடல், அதே துவாரம் வழியாகத் தொடைக்குப் போகும் நரம்பை நசுக்கியதால்தான் கால் வலி. தசைக்கு அடியில் கிடப்பதால் வெளியே வீக்கம் தெரியாது என்றார் அறுவை சிகிச்சை செய்த டாக்டர். கறுத்துப்போன குடலில் ஒரு சாண் வெட்டி எடுத்திருந்தார்.

நான் கேட்பது ஒன்றுதான். மெலிந்த மூதாட்டி ஒருவர் குடல் அடைப்பு அறிகுறியோடு வந்து உள்தொடையும் வலிக்கிறது என்றால், அன்றைக்கே இடுப்பும் தொடை மேல்பகுதியும் சேர்த்து சி.டி. எடுங்கள்.

அரிதான நோய் என்கிறீர்கள். சரி, ஹெர்னியா நூற்றில் இது ஒன்றுகூட இல்லைதான். ஆனால் 1724லேயே பிரான்சில் எழுதிவைத்துவிட்டார்கள். அந்தக் கால் வலிக்கு ஹவ்ஷிப், ராம்பெர்க் என்று இரண்டு மருத்துவர்களின் பெயரும் இருக்கிறது. 300 வருட அவகாசம் போதவில்லையா? கிழவிகளுக்கு எது வலித்தாலும் "வயசாச்சும்மா, அப்படித்தான் இருக்கும்." அதைச் சொல்ல எங்கள் தெரு மருந்துக்கடைத் தம்பி போதுமே!

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி டியூட்டியில் ஒரே டாக்டர் எத்தனை பேரிடம் ஓடுகிறார் என்பதையும் பார்த்தேன். அதனால்தான் கேட்கிறேன், பயிற்சி மருத்துவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். அவசரப் பிரிவுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வயிற்றுவலியோடு வரும் பாட்டி காலை மடக்கியே படுத்திருந்தால், நீட்டச் சொல்வதற்கு முன் ஏன் மடக்கியிருக்கிறார் என்று தயவுசெய்து கேளுங்கள். அன்றைக்கே சி.டி. எடுங்கள்.

இப்படிக்கு,
மூன்று நாள் அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்த்த மகள்