ஒப்பந்த வருமானத்தில் தொழில் தொடங்குவோருக்காக உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,

கொழும்பில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்யும் மென்பொருள் உருவாக்குநர்களும் பொறியியலாளர்களும் அந்த உழைப்பையே முதலாகப் போட்டு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு கடையை, ஒரு வகுப்பு நிலையத்தைத் தொடங்குகிறார்கள். அதைத் தம் பெயரில் தொடங்குவதா, கம்பனியாகப் பதிவதா என்பதில் முதலாண்டு வரி இலட்சக் கணக்கில் மாறிவிடும். பலருக்கு இது காசு போட்ட பிறகுதான் தெரிய வருகிறது.

2025 ஏப்ரல் 1 முதல் உள்ள வீதங்களில் கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு ஒப்பந்த வேலையில் மாதம் 4 இலட்சம், வருடம் 48 இலட்சம் ரூபா வருகிறது. வரியில்லாத பகுதியான தனிநபர் நிவாரணம் 18 இலட்சம் போக 30 இலட்சம் மிஞ்சும். முதல் 10 இலட்சத்துக்கு 6%, அடுத்த ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் முறையே 18%, 24%, 30%, மீதிக்கு 36%. மொத்த வரி 6 இலட்சம்.

புதுக்கடை வாடகை, சம்பளம், விளம்பரம் என்று முதலாண்டில் 15 இலட்சம் நட்டப்படுகிறது என்று வைப்போம். கடை அவர் பெயரிலேயே இருந்தால், ஒரு வியாபாரத்தின் நட்டத்தை, ஒப்பந்த வருமானம் உட்பட அவருடைய மற்ற வியாபார வருமானத்தில் கழிக்கலாம். வரி 1,50,000 ஆகிவிடும். அதே 15 இலட்சத்தைக் கம்பனியின் பங்கு முதலாகப் போட்டிருந்தால் அவர் வரி 6 இலட்சமாகவே நிற்கும். நட்டம் கம்பனிக்குள் அடைபட்டு, ஆறு வருடத்துக்குள் இலாபம் வந்தால் மட்டுமே பயன்படும். வித்தியாசம் 4,50,000 ரூபா, அதுவும் கடைக்குக் காசு மிகவும் தேவைப்படும் வருடத்தில்.

இந்தக் கழிவு சம்பளக்காரருக்கு இல்லை. ஆகவே ஒப்பந்தம் என்ற பெயரில் நடப்பது உண்மையில் ஊழியமா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். செலவின் வகையையும் பார்க்க வேண்டும். அந்த 15 இலட்சம் முழுவதும் குளிர்பெட்டிக்கும் கோப்பி இயந்திரத்துக்கும் போனால், ஐந்து வருடத் தேய்மானப்படி வருடம் 3 இலட்சமே கழியும். அதனால் குறையும் வரி 1,08,000 மட்டும். கட்டட உரிமையாளரிடம் வைத்த, திரும்பக் கிடைக்கும் வைப்புப் பணம் செலவே அல்ல.

பலர் இடறுவது நிறுத்திவைத்தல் வரியில். மாதக் கொடுப்பனவு ஒரு இலட்சத்தைத் தாண்டினால் வாடிக்கையாளர் 5% பிடிக்கிறார். 4 இலட்சத்தில் 20,000, வருடத்துக்கு 2,40,000. இதோடு வரி முடிந்தது என்று நம்பி, மிச்சக் காசு முழுவதையும் கடையில் போட்டுவிடுகிறார்கள். கழிக்க நட்டம் இல்லாவிட்டால், 6 இலட்ச வரியில் உண்மையில் இன்னும் 3,60,000 கட்ட வேண்டும். அதாவது ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே 15ஆம் திகதிகளில் 90,000 வீதம். அந்த நேரம் காசு சரக்காகவும் தளபாடமாகவும் மாறியிருக்கும். ஒவ்வொரு கொடுப்பனவு வந்ததும் வரிப்பங்கைத் தனிக்கணக்குக்கு மாற்றி, நிறுத்திவைத்தல் சான்றிதழை அந்த மாதமே கேட்டு வாங்குவதுதான் இதற்கு வழி.

வேறு காரணங்களுக்காகக் கம்பனிதான் வேண்டும் என்றால், முழுப் பணத்தையும் பங்கு முதலாக்காமல் ஒரு பகுதியைப் பணிப்பாளர் கடனாக, அதாவது பணிப்பாளர் என்ற முறையில் தாமே கம்பனிக்குத் தரும் கடனாகக் கொடுப்பது நல்லது. எழுத்து உடன்படிக்கையும் வங்கிப் பரிமாற்றமும் இருக்க வேண்டும். கடனின் முதல் திரும்பி வரும்போது அது வருமானமல்ல. இலாபத்தைப் பங்குதாரராகப் பங்கிலாபமாக எடுத்தால் கம்பனி 30% வரி கட்டி, மீதியில் 15% வரி கழிந்து, 100 ரூபா இலாபத்தில் கைக்கு வருவது 59.50.

திணைக்களத்திடம் நாங்கள் கேட்பவை இரண்டு. மேலே போட்டது போன்ற கணக்குகளுடன் ஒரு விளக்கக் குறிப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். வியாபாரப் பெயர் பதியும் பிரதேச செயலகங்களிலேயே அது கிடைக்கட்டும். வரிக்கோப்பு திறக்கும் வேளையில் தம் பெயரா, கம்பனியா என்பது ஏற்கெனவே முடிவாகிவிடுகிறது. பெரியது இரண்டாவது: 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் நிலம் திருத்துவது, கால்நடை வாங்குவது போன்ற விவசாயத் தொடக்கச் செலவுகளுக்குத் தனிக் கழிவு தருகிறது. சிறு கடைக்கும் சேவைத் தொழிலுக்கும் திறப்பதற்கு முன் ஏற்படும் செலவுகளுக்கு, ஓர் எல்லை வைத்தாவது, அதே கழிவை நீட்டும்படி நிதியமைச்சுக்குப் பரிந்துரை செய்யுங்கள். அதுவரை, திறப்பதற்கு முந்திய வாடகையையும் பயிற்சிச் சம்பளத்தையும் எப்படிக் கணிப்பது என்று எழுத்தில் அறிவியுங்கள்.

இங்ஙனம்,
கொழும்பில் சிறு தொழில்களின் வரிக்கணக்கைப் பார்க்கும் கணக்காளர்கள் சிலர்