வேட்டி நின்றால்தான் வண்டி நிற்குமா?

எங்கள் தடத்து நகரப் பேருந்துகளின் ஓட்டுநர், நடத்துநர்களுக்கு,

வணக்கம். போன வாரம் காலைப் பேருந்து நடையில் நடந்தது உங்களில் இருவருக்கு நன்றாகத் தெரியும்; மற்றவர்கள் காதிலும் இந்நேரம் விழுந்திருக்கும். நிறுத்தத்தைத் தாண்டி வெகுதூரம் போய் வண்டி நின்றது. குறுவை நடவுக்குக் கிளம்பிய பெண்கள் தூக்குவாளியோடு ஓடினார்கள். கடைசியாக ஓடிய ஆயா கம்பியைப் பிடிக்கும்போது வண்டி நகர்ந்துவிட்டது. விழுந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டீர்கள்.

முழங்கால் சிராய்ப்பு ஆறிவிடும். அன்றைய கூலி போனது போனதுதான். நேரத்துக்கு வராத ஆளுக்காக வயல்காரர் காத்திருக்க மாட்டார். நடவே சில வாரம்தான், அதிலும் பல வயல்களில் இப்போது இயந்திரம் இறங்கிவிட்டது.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. பெண்கள் மட்டும் நின்றால் நீங்கள் நிறுத்துவதில்லை என்று அவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். டீக்கடையிலிருந்து ஓர் ஆம்பளையைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, கை காட்டச் சொல்லிவிட்டு, புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறார்கள். நானும் கை காட்டியிருக்கிறேன். வண்டி நிறுத்தத்திலேயே வந்து நிற்கிறது! என் வேட்டிக்கு இவ்வளவு மரியாதை என் வீட்டில்கூடக் கிடையாது.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது உங்கள் கைக்காசு அல்ல. போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடுகட்டுகிறது. பிறகு எதற்கு, அவர்கள் காதுபட 'ஓசிக் கூட்டம்' என்ற பேச்சு? ஆள் பற்றாக்குறை, இரட்டைப் பணி, ஓட்டை வண்டி எல்லாம் தெரியும். அதையெல்லாம் மேலே இருப்பவர்களிடம் கேளுங்கள், நாங்களும் கூட வருகிறோம்.

சரபோஜி மன்னர் 1802இல் ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தம்மாள் சத்திரத்தில் வழிப்போக்கர்களுக்குக் காசு வாங்காமல் சோறு போட்டார்கள். தஞ்சைச் சீமையின் பெருமை என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். பசித்து வந்தவரை ஓடவிட்டு, இலையைத் தூக்கிக்கொண்டு சத்திரத்தார் முன்னால் போனதாக நான் எங்கும் படித்ததில்லை.

பேச்சு எங்கேயோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். நிறுத்தத்தில் நிறுத்துங்கள். கடைசி ஆள் ஏறிய பிறகு விசில் கொடுங்கள். அந்த ஆயாவின் வீடு நிறுத்தத்துக்கு எதிரேதான் இருக்கிறது. அன்றைக்கு வண்டியில் இருந்த இருவரும் ஒருநாள் எட்டிப் பார்த்து விசாரித்தால் நல்லது.

திங்கட்கிழமை காலை நடைக்கு ஆண்கள் யாரும் முன்னால் நிற்கப்போவதில்லை. தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவே குடியிருக்கும் பயணி ஒருவர்